இரண்டாவது சட்டையின் விலை

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற பலகையைப் பற்றி இந்திய வரித்துறைக்குத் தெளிவான கருத்து ஒன்று உண்டு. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2019 மார்ச் 7ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இந்தச் சலுகையைப் பெயர் சொல்லியே எடுத்துப் பேசுகிறது. பார்த்த மாத்திரத்தில் ஒரு பொருளைச் சும்மா கொடுப்பதுபோலத் தோன்றினாலும், நடப்பது இரண்டு பொருளை ஒரே விலைக்கு விற்பதுதான் என்பது அதன் சாரம். இதை விளக்கவேண்டிய தேவை வியாபாரிகள் பக்கமிருந்து வந்தது. இலவசமாகக் கொடுத்த சரக்குக்குக் கொள்முதலில் கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள முடியாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17ஆம் பிரிவு. அப்படியானால் 1+1 போட்ட கடைக்காரர் இரண்டாவது பொருளின் வரியைத் தன் கையிலிருந்து இழக்க வேண்டுமா? வேண்டாம், ஏனென்றால் அது இலவசமே அல்ல என்று வாரியம் பதில் சொன்னது. வியாபாரிகளுக்கு நிம்மதி. பலகையை மட்டும் யாரும் மாற்றி எழுதவில்லை.

அந்தச் சுற்றறிக்கையின் கண்ணோடு பார்த்தால் கடையில் தொங்கும் எல்லாப் பலகைகளும் ஒரே கணக்குக்குள் அடங்கிவிடும். கைக்கு வருவது எத்தனை, பணம் கொடுப்பது எத்தனைக்கு என்பது மட்டுமே கேள்வி. 1+1 என்றால் ஒவ்வொன்றும் பாதி விலை. 2+1க்கு 33 சதவீதக் கழிவு, 3+1க்கு 25, 4+1க்கு 20. 'இரண்டாவதுக்குப் பாதி விலை' என்பதும் 25 சதவீதம்தான். ஆனால் பலகையில் 50 என்ற எண்தான் கொட்டை எழுத்தில் நிற்கும். டஜன் வாங்கினால் ஒன்று இலவசம் என்பது கேட்க நன்றாக இருக்கும், கணக்கு 8 சதவீதத்தைக்கூடத் தொடாது. '20 சதவீதம் கூடுதல்' என்று அச்சிட்ட பற்பசை உண்மையில் 17 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான தள்ளுபடி.

வாங்குகிறவருக்கு 1+1உம் 50 சதவீதத் தள்ளுபடியும் ஒரே கணக்கு. கடைக்காரருக்கு இவை இரண்டும் வேறு வேறு வியாபாரம். 1,499 ரூபாய் விலைச்சீட்டு ஒட்டிய ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். கடைக்கு அது 350 ரூபாய்க்கு வந்து இறங்கியது என்று வையுங்கள். 50 சதவீதத் தள்ளுபடி என்றால் வாடிக்கையாளர் ஒரு சட்டையை 749 ரூபாய் 50 காசுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதில் 5 சதவீத வரியைக் கழித்தால் கடைக்கு 714 ரூபாய், அசலைக் கழித்தால் மிச்சம் 364. அதே சட்டைக்கு 1+1 போட்டால் அவர் 1,499 கொடுத்துவிட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு போவார். வரி போக 1,428, இரண்டு சட்டையின் அசல் 700 போக மிச்சம் 728. ஒரே ஆள், ஒரே பில், ஒரே விற்பனையாளரின் அரை மணி நேரம். மிச்சம் மட்டும் இரட்டிப்பு. தள்ளுபடி சதவீதம் மாறவில்லை. எத்தனை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமைதான் வாடிக்கையாளரிடமிருந்து கடைக்குக் கைமாறியிருக்கிறது. என் பார்வையில் இந்தச் சலுகைகளின் முழு இரகசியமும் இவ்வளவுதான். கடை விலையைக் குறைக்கவில்லை, நம்முடைய எண்ணிக்கையை விலைக்கு வாங்குகிறது. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

பொருளியலில் இதற்குப் பழைய பெயர் உண்டு, விலைப் பாகுபாடு என்பார்கள். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920இல் வெளியிட்ட நூலில் இதை வகை பிரித்து எழுதினார். ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு வேறு விலை கொடுக்க மனம் இருக்கும். யார் எவ்வளவு கொடுப்பார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. எனவே அளவுக்கேற்ற விலையை முன்னால் வைத்து, அவரவர் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும்படி விட்டுவிடுவது. ஒன்று போதும் என்கிறவர் முழு விலை கொடுப்பார். விலை பார்க்கிறவர் மூன்று எடுப்பார். கோட்பாடு அவ்வளவுதான்.

கோட்பாடு எழுதப்படுவதற்கு முன்பே சந்தையில் இது நடந்துகொண்டிருந்தது. தரையில் சாக்கை விரித்து எலுமிச்சையையும் தக்காளியையும் கூறு கட்டி வைத்திருக்கும் பெண்மணி, "கூறு இருபது, மூணு கூறா எடுத்துக்கோ, அம்பது குடு" என்று சொல்வதும் பல எடுத்தால் மலிவு என்னும் 'மல்டிபை' சலுகைதான். அவருக்கு அதற்கான காரணம் பளிச்சென்று இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சரக்கு வாடும், வாடினால் நாளைக்கு விலை போகாது, மிச்சத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டும். பத்து ரூபாயை விட்டுக்கொடுத்து இரண்டு கூறைக் கூடுதலாகத் தள்ளிவிடுவது அவருக்கு இலாபம். வாங்குகிறவரும் கண் முன்னால் கூறைப் பார்க்கிறார், நசுங்கியது எது என்று புரட்டிப் பார்க்கிறார், "நாலு பழம் சேர்த்துப் போடும்மா" என்று பேரம் பேசுகிறார். இங்கே கழிவு யாரிடமிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். பெரிய கடையில் தெரியாமல் போவது அதுதான்.

அங்கே அலமாரியில் தொங்கும் ஆஃபர் சீட்டுக்குப் பின்னால் மூன்று வேறு ஆட்கள் இருக்கலாம். ஒன்று, உற்பத்தி நிறுவனம். நான்கு சோப்பைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, ஒன்று இலவசம் என்று தொழிற்சாலையிலேயே அச்சிட்டு அனுப்பினால் செலவு நிறுவனத்தினுடையது. கடைக்கு வழக்கமான கமிஷன் கிடைத்துவிடும். இரண்டு, கடையே தன் இலாபத்தை விட்டுக்கொடுத்துப் போடுவது. பெரும்பாலும் இது ஆளைக் கடைக்குள் இழுக்கும் தூண்டில். வந்தவர் மற்ற சாமான்களை முழு விலைக்கு எடுத்துக்கொண்டு போவார் என்பது கணக்கு. மூன்று, தேங்கிய சரக்கு. தேதி நெருங்கிய பழச்சாறு, அளவு உடைந்த சட்டைகள், போன வருஷத்து நிறங்கள். இவை மூன்றும் ஒரே மஞ்சள் சீட்டில், ஒரே எழுத்தில் தொங்கும். தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கோ இதே விளையாட்டு வேறொரு முகத்தில் வருகிறது. டீலரின் ஆள் வந்து, ஒரு பெட்டி எடுத்தால் இத்தனை சேர்த்துத் தருகிறேன் என்று 'ஸ்கீம்' சொல்வார். அந்த ஸ்கீம் சரக்கு வாடிக்கையாளர் வரை வந்து சேருமா, கடைக்காரரின் மிச்சமாகவே நின்றுவிடுமா என்பது கடைக்குக் கடை மாறும். சிறு கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய விளிம்பு இலாபத்தில் ஸ்கீம்தான் கரண்ட் பில் கட்டுகிறது.

தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு பழைய சலுகையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். கடலூரில் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், தன் தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரை நினைவூட்டும்படி சிக் ஷாம்பு என்று ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டார். பின்னாளில் கெவின்கேர் என்று வளர்ந்த நிறுவனம் அது. சந்தையில் ஏற்கெனவே காலூன்றிய பாக்கெட் ஷாம்புகள் இருந்தன, அவருடைய குடும்பத்தாரின் வெல்வெட் உட்பட. அவர் கொண்டுவந்த திட்டம் எளிமையானது: எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையாக இருந்தாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவர் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் உறைகளுக்கு மட்டுமே என்று திட்டத்தை மாற்றினார். முதல் பாதி, ஆளைத் தன் பக்கம் திருப்புவதற்கு. இரண்டாம் பாதி, திரும்பிய ஆளைப் பிடித்து வைப்பதற்கு. 5+1 என்பது வெறும் 17 சதவீதக் கழிவு, அதுவும் பின்னால் வரும் கழிவு. ஆனாலும் இந்த இரண்டு படி அமைப்பை இன்றைய செல்போன் செயலிகளின் 'ரிவார்டு' திட்டங்கள் தாண்டிவிடவில்லை. இன்னொன்று: அந்த வாடிக்கையாளர் ஐந்தை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. தினக்கூலியில் ஒரு பாக்கெட் வாங்குகிறவரும் அதில் சேர முடிந்தது. இன்றைய மல்டிபையில் அவருக்கு இடமில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாக்கெட் ஷாம்பு இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. நிறைய வாங்கினால் மலிவு என்பது பொது விதி என்று நாம் நம்புகிறோம். இந்தியக் கடைகளில் ஷாம்பு அந்த விதியை நெடுங்காலமாக மீறி வந்திருக்கிறது. மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் பல நேரம் சின்ன உறை பெரிய பாட்டிலைவிட மலிவாக நிற்கும். ஆகவே பெரிய கட்டு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. பொட்டலப் பொருள்களின் சட்டமுறை எடையளவு விதிகள் இதற்கு ஒரு கருவியைக் கையில் கொடுத்திருக்கின்றன. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்ன விலை என்று சில ஆண்டுகளாக உறையிலேயே அச்சிடுகிறார்கள். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நாலு சோப்புக் கட்டைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். கட்டில் இருக்கும் சோப் 100 கிராம், தனியாக விற்கும் சோப் 125 கிராம் என்று வேறுபட்டால் '3+1' என்ற ஒப்பீடே பொருளற்றுப்போகும். கிராம் விலை மட்டும்தான் அப்போது உண்மை பேசும்.

வகுத்தல் கணக்கு நமக்கு எளிதில் வருவதில்லை என்பது கடைக்காரர்களின் ஊகம் மட்டுமல்ல. 2012இல் அமெரிக்க மார்க்கெட்டிங் ஆய்விதழ் ஒன்றில் ஹைபெங் அலன் சென் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, ஒரு கடையில் கைக்குப் பூசும் லோஷனை இரண்டு விதமாக விற்றுப் பார்த்தது. ஒரு வாரம் 50 சதவீதம் கூடுதல் அளவு, இன்னொரு வாரம் அதற்குச் சமமான விலைக்குறைப்பு. கூடுதல் அளவு என்றபோது 73 சதவீதம் அதிகமாக விற்றது. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான்: 50 சதவீதம் கூடுதல் என்பது 33 சதவீதக் கழிவு. 50 என்ற எண் 33 என்ற எண்ணைவிடப் பெரிதாகத் தெரிந்ததைத் தவிர அங்கே வேறு ஒன்றும் நடக்கவில்லை.

'இலவசம்' என்ற சொல்லின் வசியத்தை அளந்தவர்களும் உண்டு. கிறிஸ்டினா ஷம்பானியர், நீனா மஸார், டான் அரியெலி மூவரும் 2007இல் எழுதிய கட்டுரையில் வரும் சோதனை இது. உயர்ந்த ரகச் சாக்லேட் 15 சென்ட், சாதாரணச் சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது, வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்ததை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்து 14, சுழியம் என்று வைத்ததும் 69 சதவீதம் பேர் இலவசச் சாக்லேட் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். விலை வித்தியாசம் மாறவே இல்லை. பலகையில் எழுதும் எண்ணே நம் எண்ணிக்கையை உயர்த்துகிறது என்று காட்டும் ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பிரையன் வான்சிங்கும் மற்றும் இருவரும் 1998இல் எழுதியது. ஒருவருக்கு 12 டப்பா மட்டுமே என்று வரம்பு எழுதி வைத்தால், வரம்பே இல்லாதபோது வாங்குவதைவிட இரண்டு மடங்கு சூப் டப்பா வாங்குகிறார்கள் என்றது அது. வான்சிங்கின் பிற ஆய்வுகள் பல பின்னர் திரும்பப் பெறப்பட்டன. 2018இல் கார்னெல் பல்கலைக்கழகம் அவர் ஆய்வு நெறியை மீறியதாக அறிவித்தது. எனவே அவருடைய எண்களை நான் முழுக்க நம்பி எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் 'ஒருவருக்கு இரண்டு மட்டுமே' என்ற சீட்டைப் பார்த்ததும் இரண்டையும் எடுக்கும் மனிதர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த கூடுதல் பொருள் என்ன ஆகிறது? குசும் ஐலவாடியும் ஸ்காட் நெஸ்லினும் 1998இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தேடியது. சலுகையில் அதிகம் வாங்கிய குடும்பங்கள் தயிர் வகையை வேகவேகமாகத் தின்று தீர்த்தன. தக்காளி சாஸில் அந்த வேகம் குறைவு. நம் வீட்டு மொழியில் சொன்னால், உப்பையும் பாத்திரம் துலக்கும் சோப்பையும் நாலு வாங்கி வைத்தால் நாலு மாதம் வரும். பிஸ்கட்டும் சிப்ஸும் நாலு வாங்கி வைத்தால் இந்த வாரமே தீரும். முன்னதில் சலுகை உண்மையான சேமிப்பு, அடுத்த மாதச் செலவை இந்த மாதம் மலிவாகச் செய்துவிட்டோம். பின்னதில் அது சேமிப்பே அல்ல, கூடுதல் செலவு. நிறுவனங்கள் எந்தப் பொருளுக்கு ஓயாமல் ஆஃபர் போடுகின்றன என்பதைக் கவனித்தால் இந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பது புரியும். கெட்டுப்போகும் பொருளில் மூன்றாவது வழியும் உண்டு: குப்பைத் தொட்டி. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2014இல் உணவு வீணாவது பற்றி அறிக்கை கொடுத்தபோது, ஒன்றுக்கு ஒன்று இலவசம் போடும் கடைகளைக் குறிப்பிட்டே கண்டித்தது.

இனி பில் கவுண்டருக்கு வருவோம். சலுகையின் உண்மை முகம் தெரிவது அங்கேதான், ஆனால் அந்த இடத்தில் நாம் பையைப் பிடித்துக்கொண்டு அவசரத்தில் நிற்போம். துணிக்கடைப் பலகையின் அடியில் 'குறைந்த விலையுள்ளதே இலவசம்' என்று ஒரு வரி இருக்கும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் கணினி அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில் பணம் இருக்கிறது. 2+1 சலுகையில் ஆறு சுடிதார் டாப்ஸ் எடுக்கிறீர்கள்: 1,500, 1,400, 1,300, 600, 500, 400. மொத்தம் 5,700. ஒரே பில்லில் போட்டால் சில மென்பொருள்கள் ஆறிலும் மலிவான இரண்டை, அதாவது 500ஐயும் 400ஐயும் கழித்துவிட்டு 4,800 கேட்கும். அதையே இரண்டு பில்லாகப் பிரித்து, விலை உயர்ந்த மூன்றை ஒன்றிலும் மலிவான மூன்றை இன்னொன்றிலும் போட்டால் 1,300உம் 400உம் கழியும், கட்டவேண்டியது 4,000. அதே ஆறு துணி, அதே சலுகை, 800 ரூபாய் வித்தியாசம். "இதை ரெண்டு பில்லா போடுங்க" என்று கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரியும், கேட்டால் செய்து கொடுப்பார்கள், கேட்காதவருக்குச் சொல்லமாட்டார்கள்.

பில்லில் கழிவு எங்கே அச்சாகிறது என்பதையும் பாருங்கள். சில கடைகள் ஒரு சட்டைக்கு 1,499, மற்றதற்குச் சுழியம் என்று போடும். சில கடைகள் இரண்டுக்கும் 749.50 என்று பிரித்துப் போடும். வீட்டில் போட்டுப் பார்த்து ஒன்று பொருந்தாமல் மாற்றப்போகும்போதுதான் இது உறைக்கும். பிரித்துப் போட்ட பில்லில் திருப்பிக் கொடுக்கும் சட்டைக்கு மதிப்பு 749.50. சுழியம் போட்ட பில்லில் எந்தச் சட்டையைத் திருப்புகிறோம் என்பதே வாக்குவாதம் ஆகும். வரியும் இதைத் தொடுகிறது: 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மளிகை அங்காடியில் சிக்கல் வேறு விதம். சலுகை ஒரு குறிப்பிட்ட பார்கோடுக்கு மட்டும் பதிவாகியிருக்கும். ஒரு எலுமிச்சை வாசனையும் ஒரு ரோஜா வாசனையும் எடுத்தால் கணினிக்கு அவை இரண்டு வேறு பொருள்; கழிவு விழாது. சலுகை நேற்றோடு முடிந்திருக்கும், சீட்டு மட்டும் அலமாரியில் தொங்கும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லைப் படிப்பது சிக்கனம் பிடித்தவர்களின் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதைத் தொடாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, துணி எடுக்கும் வேலை இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு கொள்முதல் செய்யப் பணம் வேண்டும், அடுக்க இடமும் வேண்டும். பழைய சரக்கை அசலுக்காவது தள்ளிவிடுவது அன்றைக்கு நியாயமான வியாபாரத் தேவை, கூறு கட்டி விற்கும் பெண்மணியின் மாலை நேரத்தைப்போல. காலப்போக்கில் தி.நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஆடி என்பதே ஒரு பருவமாகிவிட்டது. தேங்கிய சரக்கோடு, ஆடிக்கென்றே தருவித்த சரக்கும் மேசையில் குவிகிறது. 'ஒன்று எடுத்தால் இரண்டு இலவசம்' என்று வருஷம் முழுக்கப் பலகை வைத்திருக்கும் கடைகளையும் பார்க்கிறோம். வருஷம் முழுக்க 67 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிற கடையில் விலைச்சீட்டில் இருப்பது விலையே அல்ல. மூன்றின் விலைதான் ஒன்றின் சீட்டில் அச்சாகியிருக்கிறது.

இதற்கு இடம் கொடுப்பது நம் எம்ஆர்பி முறை. அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. அந்த அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை, மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, உற்பத்தியாளரே முடிவு செய்துகொள்ளலாம். நுகர்வோரைக் காக்க வந்த உச்சவரம்பு இப்படித் தள்ளுபடிக்கு ஏற்ற ஏணியாகிவிட்டது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் ஏகபோக வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1984இல் முறையற்ற வணிகம் என்ற பகுதி சேர்க்கப்பட்டது. அங்கிருந்து 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்துக்கும், இப்போதுள்ள 2019ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் ஒரு கருத்து மாறாமல் வந்திருக்கிறது: மொத்தத் தொகைக்குள் விலை முழுதாகவோ பகுதியாகவோ அடங்கியிருக்கும் ஒரு பொருளை இலவசம் என்று காட்டுவது முறையற்ற வணிகம். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள் இன்னும் நேரடியானவை. காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளின் விலையை ஏற்றியோ தரத்தைக் குறைத்தோ இலவசத்தின் செலவை ஈடுகட்டக் கூடாது என்கின்றன அவை. ஒரு கையில் இந்தச் சட்டத்தையும் மறு கையில் 2019 வரிச் சுற்றறிக்கையையும் வைத்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1+1இல் இலவசம் என்று எதுவும் இல்லை என்று ஒரு துறை எழுத்தில் சொல்லிவிட்டது. விலை அடங்கியதை இலவசம் என்று சொல்லக் கூடாது என்று இன்னொரு துறை சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பலகைகள் பாதி கழற்றப்பட வேண்டும். அப்படி நடக்கவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் அங்கங்கே நியாயம் கிடைத்திருக்கிறது. தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் வாட் வரியைத் தனியாக வசூலித்தது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது அவற்றில் ஒன்று.

வெளிநாட்டு அனுபவம் இரண்டு திசையில் போகிறது. ஸ்காட்லாந்து 2011 அக்டோபர் 1 முதல் மதுவுக்கு மல்டிபை சலுகையையே தடை செய்தது. மூன்று பாட்டில் 10 பவுண்டு என்று விற்றவர்கள் ஒரு பாட்டிலை 3 பவுண்டு 33 பென்சுக்கு விற்கத் தொடங்கினார்கள். தடை செய்யப்பட்டது எண்ணிக்கையைக் கட்டிப்போடும் விலை மட்டும்தானே. முதல் ஆண்டில் கடை விற்பனை, தலைக்கு 2.6 சதவீதம் குறைந்தது என்றது ஓர் ஆய்வு. இன்னொரு ஆய்வு, மக்கள் ஒவ்வொரு தடவையும் குறைவாக வாங்கினார்கள், ஆனால் அடிக்கடி போனார்கள், மொத்தம் குறையவில்லை என்றது. இங்கிலாந்தில் சென்ஸ்பரீஸ் அங்காடி நிறுவனம் 2016இல் தானாகவே பெரும்பாலான மல்டிபை சலுகைகளைக் கைவிட்டு, ஒற்றைப் பொருளின் விலையைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்களின் வாழ்க்கை முறை மாறிவிட்டது, வாரம் ஒரு முறை வண்டி நிறைய வாங்குவோர் குறைந்துவிட்டார்கள் என்பது அது சொன்ன காரணம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளுக்கு அளவுச் சலுகை போடுவதைத் தடுக்கும் விதி, இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு 2025 அக்டோபர் 1இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல், விலைக்குறைப்பு அறிவிக்கும் கடை முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் 'இரண்டு வாங்கினால் ஒன்றின் விலை' போன்ற நிபந்தனைச் சலுகைகளை அது கட்டுப்படுத்தாது என்று ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கமே சொல்லிவிட்டது. கடைகள் எந்த வாசல் வழியாக நுழையும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

மேலே விட்ட தினக்கூலிக்காரருக்குத் திரும்புகிறேன். மூன்று சோப்பின் காசை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான் நான்காவது கிடைக்கும். தனியாக இருக்கும் ஓய்வூதியக்காரப் பெரியவர், அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி, ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு, சைக்கிளில் சாமான் எடுத்துச் செல்பவர் எல்லாருமே ஒற்றை விலை கொடுக்கிறவர்கள். கடை சலுகைக்கு ஏற்றபடி ஒற்றை விலையை உயர்த்தி வைத்திருந்தால், வண்டி நிறைய வாங்கும் குடும்பத்தின் தள்ளுபடியில் ஒரு பங்கை இவர்கள்தான் கட்டுகிறார்கள். உணவுக்கும் சோப்புக்கும் மல்டிபை கூடாது என்று நான் வாதாடவரவில்லை. பெரிய குடும்பத்துக்கு மாதச் சாமானில் அது உண்மையான உதவி, விலைவாசி ஏறும் காலத்தில் இன்னும் அதிகம். ஒற்றை வாங்குபவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதுதான் கேள்வி. சலுகை தொடங்குவதற்கு முந்தைய மாதம் ஒற்றை விலை என்ன என்று தெரிந்தாலே இதில் பாதி வெளிச்சமாகிவிடும்.

செயலியில் வாங்கும்போது இதே வித்தை 'காம்போ' என்றும், 'இன்னும் 60 ரூபாய்க்கு எடுத்தால் டெலிவரி இலவசம்' என்றும் உருமாறுகிறது. 2023 நவம்பரில் வந்த, வாங்குகிறவரை ஏமாற்றும் 'இருள் உத்திகள்' (டார்க் பேட்டர்ன்) தொடர்பான வழிகாட்டு நெறிகள், கேட்காததைக் கூடையில் சேர்ப்பதையும் பொய்யான அவசரம் காட்டுவதையும் தடை செய்திருக்கின்றன. இணையத்தில் விற்கும் உணவுப் பொருள், கைக்கு வரும்போது ஆயுளில் 30 சதவீதமோ காலாவதிக்கு முன் 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கடை அலமாரியில் இருக்கும் 1+1 பழச்சாறுக்கு அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: தேதி பார்த்து, இரண்டையும் அதற்குள் குடித்து முடிப்போமா?

மாநில எடையளவுத் துறையும் நுகர்வோர் ஆணையமும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். மல்டிபை சீட்டு தொங்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று எண்களைச் சம அளவு எழுத்தில் போடச் சொல்லலாம்: ஒன்று மட்டும் எடுத்தால் விலை, சலுகையில் ஒன்றின் விலை, போன மாதம் இதே பொருளின் விலை. 'இலவசம்' என்ற சொல்லை அதற்குப் பிறகு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அதுவரை, பலகையில் சொன்னது பில்லில் வரவில்லை என்றால் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லைக் கிழித்துவிடாதீர்கள். கடை மேலாளரிடம் கேட்டுத் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.